பின்பாரம் வைத்த விமானம்



நெல் மூட்டை ஏற்றிய இரட்டை மாட்டு வண்டியை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? உத்திரமேரூர்ப் பக்கத்துக் கிராமங்களில் இப்போது மூட்டைகளை மில்லுக்குக் கொண்டு போவது டிராக்டர்தான். ஆகையால் உங்களுள் பலர் பார்த்திருக்க மாட்டீர்கள். வீட்டில் தாத்தா இருந்தால், முன்பாரம், பின்பாரம் என்றால் என்ன என்று அவரைக் கேட்டுப் பாருங்கள். வண்டியின் அச்சுக்கு முன்னால் பளு மிகுந்தால் நுகத்தடி மாடுகளின் கழுத்தை அழுத்தும். அது முன்பாரம். அச்சுக்குப் பின்னால் பளு மிகுந்தால் ஏர்க்கால் மேலே எழும்பும், நுகத்தடி தூக்கும், பூட்டாங்கயிறு மாட்டின் கழுத்தை இறுக்கும். அது பின்பாரம். அனுபவமுள்ள வண்டிக்காரர் கொஞ்சம் முன்பாரமாக ஏற்றுவாரே தவிர, பின்பாரமாக ஒருநாளும் ஏற்ற மாட்டார்.

வேண்டுமென்றே பின்பாரம் வைத்துக் கட்டப்பட்ட ஒரு வாகனத்தைப் பற்றி இந்த மாதம் பார்ப்போம். நம் நாட்டிலேயே வடிவமைத்துக் கட்டிய இலகு போர் விமானம் தேஜஸ்தான் அது. அதன் நீளம் 13.2 மீட்டர், நம் ஊருக்கு வரும் பேருந்தைவிடச் சற்றே அதிகம். இறக்கைகளின் நுனியிலிருந்து நுனி வரை 8.2 மீட்டர். ஒலியின் வேகத்தை விஞ்சிப் பறக்கக் கூடியது. ஆனால் கணிப்பொறியை நிறுத்திவிட்டால் உலகத்திலேயே கைதேர்ந்த விமானியாலும் அதை ஓட்ட முடியாது. ஏன் அப்படி ஒரு விமானத்தைக் கட்ட வேண்டும்?

காகித அம்பில் ஒரு சோதனை

முதலில் ஒரு காகித அம்பு செய்துகொள்ளுங்கள். நோட்டுப் புத்தகத் தாள் ஒன்று போதும். அதன் மூக்கில் ஒரு ஜெம் கிளிப்பைச் செருகி மெதுவாக எறியுங்கள். நேராகச் சென்று வழுக்கிக்கொண்டே தரையிறங்கும். அதே கிளிப்பைக் கழற்றி வால் பக்கம் செருகி மறுபடியும் எறியுங்கள். மூக்கு மேலே தூக்கும். அம்பு நின்று, குட்டிக்கரணம் போட்டு, பொத்தென்று விழும்.

காரணம் எளிது. அம்பின் எடை முழுவதும் ஈர்ப்பு மையம் என்ற ஒரு புள்ளியில் செயல்படுவதாகக் கொள்ளலாம் என்று பாடத்தில் படித்திருக்கிறீர்கள். அதுபோலவே காற்று இறக்கையை மேல்நோக்கித் தள்ளும் தூக்குவிசையும் ஒரு புள்ளியில் செயல்படுவதாகக் கொள்ளலாம். அதைத் தூக்கு மையம் என்போம். ஈர்ப்பு மையம் முன்னால், தூக்கு மையம் பின்னால் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்று கொஞ்சம் வீசி மூக்கு மேலே எழும்பினால் தூக்குவிசை கூடும். கூடிய விசை ஈர்ப்பு மையத்துக்குப் பின்னால் செயல்படுவதால் வாலைத் தூக்கி மூக்கைத் தாழ்த்திவிடும். விமானம் தானாகவே பழைய நிலைக்கு வந்துவிடும். இது உறுதிச் சமநிலை. கிண்ணத்தின் அடியில் கிடக்கும் கோலிக்குண்டு போல.

இரண்டு மையங்களும் இடம் மாறினால்? மூக்கு கொஞ்சம் எழும்பியதும் கூடுகின்ற தூக்குவிசை மூக்கை இன்னும் மேலே தூக்கும். அதனால் விசை இன்னும் கூடும். மூக்கு இன்னும் எழும்பும். கவிழ்த்த கிண்ணத்தின் மேல் வைத்த கோலிக்குண்டு மாதிரி, ஒருமுறை நகர்ந்தால் நகர்ந்ததுதான். இது உறுதியில்லாச் சமநிலை.

அப்படியானால் எல்லா விமானங்களையும் முன்பாரமாகவே கட்டிவிடலாமே? பயணிகள் விமானங்களைப் பெரும்பாலும் அப்படித்தான் கட்டுகிறார்கள். ஆனால் முன்பாரத்துக்கு ஒரு விலை உண்டு. அதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். எண்கள் நம் வசதிக்காக எடுத்துக்கொண்டவை. தேஜஸின் எண்கள் அல்ல.

ஒரு விமானத்தின் எடை 9,000 கிலோகிராம். தூக்கு மையம் ஈர்ப்பு மையத்துக்கு 0.3 மீட்டர் பின்னால் இருக்கிறது. மேலும் கீழும் அசைகின்ற கட்டுப்பாட்டுத் தட்டுகள் 3 மீட்டர் பின்னால் இருக்கின்றன. இறக்கையின் தூக்குவிசை வாலைத் தூக்கி மூக்கைக் குப்புறத் தள்ளப் பார்க்கும். அதை ஈடுகட்ட அந்தத் தட்டுகள் கீழ்நோக்கி அழுத்த வேண்டும். திருப்புத்திறன்களைச் சமப்படுத்தினால், தட்டுகளின் விசை இறக்கையின் விசையில் பத்தில் ஒரு பங்கு என்று வரும். ஆகவே இறக்கை தூக்க வேண்டியது 9,000 அல்ல, 10,000 கிலோகிராம். விமானத்தை நேராக வைப்பதற்கு மட்டும் 1,000 கிலோகிராம் தண்டம்!

இப்போது தூக்கு மையத்தை ஈர்ப்பு மையத்துக்கு 0.3 மீட்டர் முன்னால் கொண்டு வாருங்கள். மூக்கு எழும்பாமல் இருக்கத் தட்டுகள் மேல்நோக்கித் தள்ள வேண்டும். அதாவது அவையும் தூக்குகின்றன. இறக்கை தூக்க வேண்டியது ஏறத்தாழ 8,180 கிலோகிராம் மட்டுமே. மீதியைத் தட்டுகள் பார்த்துக்கொள்கின்றன. அதே எடையைச் சிறிய இறக்கை சுமக்கும். சிறிய இறக்கை என்றால் குறைந்த காற்றுத் தடை, குறைந்த எடை. அதோடு, கவிழத் துடிக்கும் பொருளைத் திருப்புவது சுலபம். எதிரியின் விமானத்தைவிட ஒரு கணம் முன்னதாகத் திரும்புவதில்தான் போர் விமானியின் உயிரே இருக்கிறது.

தேஜஸுக்கு இது இன்னும் முக்கியம். அதற்குப் பின்புறம் தனி வால் இறக்கை கிடையாது. முக்கோண இறக்கையின் பின் விளிம்பில்தான் கட்டுப்பாட்டுத் தட்டுகள் இருக்கின்றன. நெம்புகோலின் கை குட்டையாக இருப்பதால் முன்பார அமைப்பில் தண்டம் அதிகமாகும். பிரான்சின் பழைய மிராஜ் 3 போன்ற முக்கோண இறக்கை விமானங்கள் மிக வேகமாகத் தரையிறங்க வேண்டியிருந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

துடைப்பக் குச்சியும் பென்சிலும்

கவிழத் துடிப்பதைக் கவிழாமல் வைத்துக்கொள்ள முடியாதா என்ன? நீளமான கம்பு ஒன்றை உள்ளங்கையில் செங்குத்தாக நிறுத்திப் பாருங்கள். கம்பு சாயும் பக்கமாகக் கையை நகர்த்திக்கொண்டே இருந்தால் நிற்கும். ரைட் சகோதரர்கள் 1903இல் பறக்கவிட்ட முதல் விமானமே மேலும் கீழுமாகத் துள்ளும் உறுதியில்லாத விமானம்தான். முன்னாலிருந்த தட்டை இடைவிடாமல் அசைத்துத்தான் அதைக் காற்றில் வைத்திருந்தார்கள்.

இப்போது அதே வித்தையை ஒரு பென்சிலை வைத்துச் செய்யுங்கள். முடியாது. பென்சில் சீக்கிரம் விழுந்துவிடுகிறது. உங்கள் கண் பார்த்து, மூளை முடிவு செய்து, கை அசைவதற்கு முன்பே அது சாய்ந்துவிடுகிறது.

உங்கள் கை எவ்வளவு சுறுசுறுப்பு என்று அளந்து பார்க்கலாம். நண்பர் ஓர் அளவுகோலைச் செங்குத்தாகப் பிடித்துக்கொள்ளட்டும். பூஜ்யத்துக்கு நேராக உங்கள் விரல்களைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். சொல்லாமல் அவர் விட்டுவிட வேண்டும். நீங்கள் பிடிக்க வேண்டும். 20 சென்டிமீட்டரில் பிடித்தீர்கள் என்றால், தானாக விழும் பொருளின் சமன்பாட்டின்படி நீங்கள் எடுத்துக்கொண்ட நேரம் 0.2 நொடி. விமானி எவ்வளவு பயிற்சி பெற்றவரானாலும் இதில் பெரிதாக ஒன்றும் குறைத்துவிட முடியாது. அதிவேகமாகச் செல்லும் உறுதியில்லாத விமானம் அவருக்குப் பென்சில் மாதிரி.

கணிப்பொறிக்கு அந்தக் கஷ்டம் இல்லை. விமானத்தின் மூக்கு எந்தப் பக்கம், எவ்வளவு விரைவாகத் திரும்புகிறது என்பதை உணர்கருவிகள் அளந்து சொல்லிக்கொண்டே இருக்கும். கணிப்பொறி நொடிக்குப் பல பத்துத் தடவை கணக்குப் போட்டு, தட்டுகளை இம்மி இம்மியாக அசைத்துக்கொண்டே இருக்கும். விமானி கைப்பிடியை அசைத்தால் அது நேராகத் தட்டுகளுக்குப் போவதில்லை. 'மேலே போக விரும்புகிறேன்' என்ற வேண்டுகோளாக மின்கம்பி வழியே கணிப்பொறிக்குப் போகிறது. ஃப்ளை-பை-வயர் என்று பொறியியலார் சொல்வது இதைத்தான். நாம் கம்பிவழிக் கட்டுப்பாடு என்று சொல்லலாம். அமெரிக்காவின் எஃப்-16 விமானம் 1974இலேயே இந்த முறையில் பறந்தது.

கணிப்பொறி பழுதானால்? தேஜஸில் கட்டுப்பாட்டுக் கணக்கு நான்கு தனித்தனி வழிகளில் நடைபெறுகிறது. நான்கு விடைகளையும் ஒப்பிட்டு, ஒன்று மட்டும் மாறுபட்டால் அதை ஒதுக்கிவிடுவார்கள். எங்கள் உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் குடவோலை முறையைக் கல்லில் வெட்டி வைத்திருப்பது உங்களுக்குத் தெரியும். விமானத்துக்குள்ளும் ஒரு தேர்தல் என்று சொல்ல எனக்கு ஆசைதான். ஆனால் குடவோலையில் குடத்திலிருந்து சிறுவன் எடுத்த ஓலைக்குத்தான் பதவி. இங்கே பெரும்பான்மைக்கே வெற்றி. உவமையை ரொம்ப இழுக்கக் கூடாது.

சூத்திரங்களைத் தேடி

கணிப்பொறி ஒரு பெட்டிதான். எந்த வேகத்தில், எந்த உயரத்தில், எவ்வளவு பளுவோடு பறக்கும்போது தட்டை எவ்வளவு அசைக்க வேண்டும் என்ற விதிகளை யாராவது எழுதிக் கொடுத்தாக வேண்டும். அவற்றைக் கட்டுப்பாட்டு விதிகள் என்பார்கள். தேஜஸின் கதையில் உயிர்நாடியான பகுதி இதுவே.

நம் நாடு போர் விமானம் கட்டியது இது முதல் தடவை அல்ல. ஜெர்மானியப் பொறியியலார் குர்ட் டாங்க்கின் தலைமையில் வடிவமைக்கப்பட்ட மாருத் விமானம் 1961 ஜூன் 17 அன்று பெங்களூரில் பறந்தது. உடல் அழகாக அமைந்தது. தகுந்த எஞ்சின்தான் கடைசி வரை கிடைக்கவில்லை. மாருத்துக்குப் பிறகு அதன் வழியில் அடுத்த போர் விமானத்தைத் தொடங்காமலே பல ஆண்டுகள் ஓடிவிட்டன. கற்றவர்கள் ஓய்வு பெற்றார்கள். கற்றுக்கொள்ள வேண்டியவர்களுக்கு வேலை இல்லை. மிகப் பெரிய இழப்பு அதுதான் என்பது என் எண்ணம்.

மிக்-21 விமானங்களுக்கு வயதாகிக்கொண்டிருந்த நிலையில், 1983இல் இலகு போர் விமானத் திட்டத்துக்கு அரசு அனுமதி கொடுத்தது. அடுத்த ஆண்டு ஏ.டி.ஏ. என்ற விமான வளர்ச்சி முகமை பெங்களூரில் தொடங்கப்பட்டது. டாக்டர் கோட்டா ஹரிநாராயணா திட்ட இயக்குநரானார். விமானத்தைக் கட்டும் பொறுப்பு எச்.ஏ.எல். நிறுவனத்துக்கு. வடிவமைப்பின் தொடக்கக் கட்டத்தில் பிரான்சின் டசோ நிறுவனம் ஆலோசனை தந்தது. கம்பிவழிக் கட்டுப்பாட்டுக்கு அமெரிக்க நிறுவனம் ஒன்றின் ஒத்துழைப்பை நாடினார்கள். கட்டுப்பாட்டு விதிகளை எழுத, தேசிய விண்வெளி ஆய்வகமான என்.ஏ.எல்.-இல் 1992இல் ஒரு தனிக்குழு அமைக்கப்பட்டது.

அந்தக் குழு எழுதிய விதிகளை எப்படிச் சோதிப்பது? விமானமோ இன்னும் பறக்கவில்லை. விதிகள் சரியில்லை என்றால் பறக்கவே முடியாது. பறந்து பார்க்காமல் விதிகள் சரியா என்று எப்படித் தெரியும்? இதற்கு ஒரு வழி உண்டு. அமெரிக்காவில், வேறு விமானம் போல நடித்துக் காட்டக்கூடிய ஒரு விசேஷ எஃப்-16 இருந்தது. நம் விதிகளை அதன் கணிப்பொறியில் ஏற்றினால் அது தேஜஸ் போலவே பறக்கும். ஆபத்து வந்தால் பழையபடி எஃப்-16 ஆகிவிடும். 1995, 1996 ஆண்டுகளில் அந்தச் சோதனைகள் நடந்தன.

1995 நவம்பர் 17 அன்று முதல் விமானமான டி.டி.-1ஐக் கொட்டகையிலிருந்து வெளியே கொண்டுவந்து காட்டினார்கள். ஆனால் அது பறக்கவில்லை. அடுத்த ஆண்டும் பறக்கவில்லை. அதற்கடுத்த ஆண்டும் பறக்கவில்லை. 1998 மே மாதம் பொக்ரானில் நம் நாடு அணுவெடிச் சோதனை நடத்தியது. அமெரிக்கா தடை விதித்தது. அங்கே வேலை செய்துகொண்டிருந்த நம் பொறியியலார் ஊர் திரும்ப வேண்டியதாயிற்று. ஒத்துழைப்பு அத்தோடு நின்றது.

பலர் கதை முடிந்தது என்றார்கள். உண்மையில் எது பறிபோயிற்று, எது பறிபோகவில்லை என்று யோசித்துப் பாருங்கள். கருவிகள் வராது, வெளிநாட்டு நிபுணரின் யோசனை கிடைக்காது. ஆனால் சமன்பாடுகளைச் சுங்கச் சாவடியில் நிறுத்த முடியுமா? விதிகளை எழுதியவர்கள் நம்மவர்கள். அவை அவர்கள் தலைக்குள் இருந்தன. பெங்களூரில் 'இரும்புப் பறவை' என்ற ஓர் அமைப்பு இருந்தது. விமானத்தின் எண்ணெய் அழுத்தக் குழாய்கள், தட்டுகளை அசைக்கும் உந்துகள், கணிப்பொறி எல்லாவற்றையும் அவை விமானத்தில் இருப்பது போலவே தரையில் ஓர் இரும்புச் சட்டத்தில் பொருத்தியிருந்தார்கள். அதில் விமானத்தை ஓட்டிப் பார்த்தார்கள். வேண்டுமென்றே பழுது உண்டாக்கிப் பார்த்தார்கள். பிழை கண்டால் திருத்தி மறுபடியும் தொடங்கினார்கள்.

2001 ஜனவரி 4 அன்று காலை, விங் கமாண்டர் ராஜீவ் கோத்தியால் டி.டி.-1ஐ ஓடுபாதையில் ஓட்டி மேலே கிளப்பினார். 18 நிமிடம் பறந்து திரும்பி வந்து இறங்கினார். பின்பாரம் வைத்த வண்டி, கட்டுக்குள் நின்றது. 2003 ஆகஸ்ட் முதல் நாள் அது ஒலியின் வேகத்தைக் கடந்தது. அதே ஆண்டு மே மாதத்தில் பிரதமர் வாஜ்பாய் அதற்கு 'தேஜஸ்' என்று பெயர் சூட்டியிருந்தார்.

ஒலியைக் கடந்தபோது நடந்த ஒன்றை இங்கே சொல்லிவிட வேண்டும். வேகம் ஒலியின் வேகத்தைத் தாண்டும்போது தூக்கு மையம் பின்னோக்கி நகர்கிறது. பின்பாரமாக இருந்த விமானம் முன்பாரமாக மாறுகிறது! விதிகள் அதற்கும் ஈடுகொடுத்தாக வேண்டும்.

ஒரு விமானம், பல உருவங்கள்

முதல் இரண்டு விமானங்களும் தொழில்நுட்பத்தைச் செய்து காட்டுவதற்கானவை. அவற்றைத் தொடர்ந்து பி.வி. என்ற எழுத்துக்களோடு மாதிரி விமானங்களும், 2007 முதல் எல்.எஸ்.பி. என்ற சிறு தொகுதி விமானங்களும் வந்தன. பட்டியல் போட்டால் உங்களுக்கு அலுப்புத் தட்டும். ஒன்றை மட்டும் கவனியுங்கள். ஒவ்வொரு புதிய உருவத்திலும் எங்கோ ஓர் எடை கூடுகிறது அல்லது குறைகிறது. அதாவது ஈர்ப்பு மையம் நகர்கிறது.

பயிற்சிக்கான இரட்டை இருக்கை விமானத்தை எடுத்துக்கொள்வோம். பி.வி.-5 என்ற அந்த மாதிரி 2009 நவம்பரில் பறந்தது. முன்பு சொன்ன நம் 9,000 கிலோகிராம் விமானத்தில், ஈர்ப்பு மையத்துக்கு 4 மீட்டர் முன்னால், ஆள், இருக்கை, கருவிகள் என்று 200 கிலோகிராம் கூட்டினால் மையம் எவ்வளவு நகரும்? 200ஐ 4ஆல் பெருக்கி 9,200ஆல் வகுத்தால் ஏறத்தாழ 9 சென்டிமீட்டர். நாம் வைத்த பின்பாரமே 30 சென்டிமீட்டர்தான். அதில் 9 போனால் சும்மாவா? வடிவமைப்பாளர்கள் வேறு எடைகளை நகர்த்துகிறார்கள். எரிபொருள் தொட்டியைச் சுருக்குகிறார்கள். விதிகளை மறுபடியும் சோதிக்கிறார்கள். ஏவுகணை ஒன்றை மாட்டினாலும் கதை இதுவே. தாமதம், தாமதம் என்று நாம் குறை சொல்வதில் ஒரு பகுதி இப்படிப்பட்ட பொறுமையான வேலை. முழுவதும் அதுவே என்று நான் வாதாட மாட்டேன். 1983இல் அனுமதி பெற்ற விமானம், விமானப்படையின் ஓர் அணியில் சேர்ந்தது 2016 ஜூலை முதல் நாளில். 33 ஆண்டுகள்!

அப்படிச் சேர்ந்த 45ஆம் அணி 2018இல் கோவைக்கு அருகிலுள்ள சூலூர் தளத்துக்கு வந்தது. 2020 மே 27 அன்று, இறுதி இயக்க அனுமதி பெற்ற விமானங்களோடு 18ஆம் அணியும் சூலூரிலேயே தொடங்கப்பட்டது. கோவைப் பக்கத்து மாணவர்களுள் சிலர் இந்த முக்கோண இறக்கையை வானில் பார்த்திருக்கக் கூடும்.

எல்லாவற்றையும்விடச் சுவையான உருவம் கடற்படைக்கானது. விமானந்தாங்கிக் கப்பலின் தளம் இருநூறு, முந்நூறு மீட்டர்தான். அங்கே பள்ளி மைதானத்துச் சறுக்குமரத்தைத் திருப்பிப் போட்டது போல முனை மேல்நோக்கி வளைந்திருக்கும். விமானம் அதில் ஓடித் துள்ளிக் கிளம்ப வேண்டும். இறங்கும்போது, தளத்தின் குறுக்கே கட்டிய கம்பியை வாலிலுள்ள கொக்கியால் பற்றி நிற்க வேண்டும். மெதுவாக இறங்க நேரம் இல்லை. தடாலென்று விழுவது போலத்தான். ஆகவே சக்கரக் கால்களைத் தடிமனாக்கினார்கள். விமானிக்குத் தளம் தெரிவதற்காக மூக்கைத் தாழ்த்தினார்கள். குறைந்த வேகத்திலும் தூக்குவிசை கிடைக்க, இறக்கையின் அடிப்பகுதியில் முன்பக்கமாக அசையும் தட்டுகளைப் பொருத்தினார்கள். எல்லாம் சேர்ந்து எடை ஏறியது, எஞ்சினோ அதேதான். 2016 டிசம்பரில் கடற்படை, இந்த விமானம் கப்பலுக்குப் பளு மிகுந்தது என்று கையை விரித்துவிட்டது. ஆனாலும் சோதனையை நிறுத்தவில்லை. 2020 ஜனவரி 11 அன்று விக்ரமாதித்யா கப்பலில் அது கொக்கி போட்டு இறங்கியது. மறுநாள் அதே தளத்திலிருந்து துள்ளிக் கிளம்பியது. 2023 பிப்ரவரியில் நாமே கட்டிய விக்ராந்த் கப்பலிலும் இறங்கியது. கடற்படைக்கு இனி இரண்டு எஞ்சின் விமானம் என்று முடிவாகிவிட்டாலும், கப்பலில் இறங்கும் விதிகளை எழுதக் கற்றுக்கொண்டது மிச்சம்.

வராத காவேரி

எழுதக் கற்றுக்கொள்ள முடிந்தவை விதிகள். எஞ்சின் அப்படி அல்ல.

தேஜஸுக்காகவே 1989இல் ஓர் எஞ்சின் திட்டம் தொடங்கினார்கள். நம் நதியின் பெயரைத்தான் வைத்தார்கள்: காவேரி. அது 1996இல் சோதனை மேடையில் ஓடியது; 2010இல் ரஷ்யாவில் ஒரு பெரிய விமானத்தில் பொருத்திப் பறக்கவும் செய்தது. ஆனால் எதிர்பார்த்த உந்துவிசை வரவில்லை; எடை கூடிவிட்டது. 2008இலேயே அதைத் தேஜஸ் திட்டத்திலிருந்து பிரித்துவிட்டார்கள். தேஜஸ் பறப்பது அமெரிக்க ஜி.இ. நிறுவனத்தின் எஃப்-404 எஞ்சினில்தான்.

ஏன் இவ்வளவு கடினம்? எரிகலத்திலிருந்து வெளிவரும் வாயு, சுழலியின் இதழ்களைத் தள்ளிச் சுழற்றுகிறது. அந்த வாயுவின் வெப்பநிலை, இதழ் செய்யப்பட்ட உலோகக் கலவையின் உருகுநிலையையே விஞ்சிவிடும். உருகாமல் இருக்க, இதழின் உள்ளே நுண்ணிய துளைகள் அமைத்துக் குளிர்ந்த காற்றைச் செலுத்துகிறார்கள். இதழ் வார்க்கும் முறையைச் சொன்னால் வியப்படைவீர்கள். மெழுகில் உருவம் செய்து, மேலே பூச்சுப் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றுவது. சுவாமிமலையில் ஸ்தபதிகள் நடராஜர் வார்ப்பதும் இப்படித்தானே! ஆனால் எஞ்சின் இதழில் இன்னொன்றும் வேண்டும். உலோகம் உறையும்போது சாதாரணமாகப் பல படிகங்களாக உறையும். அதிக வெப்பத்தில் படிகங்களின் எல்லைகளில்தான் பிளவு தொடங்குகிறது. ஆகவே முழு இதழையும் ஒரே படிகமாக உறைய வைக்க வேண்டும். இதைச் சமன்பாட்டில் எழுதிவிட முடியாது; உலைக்கு முன்னால் பல்லாண்டு நின்று, நூற்றுக்கணக்கில் வீணாக்கிக் கற்க வேண்டியது. கற்றவர்கள் யாருக்கும் சொல்லித் தர மாட்டார்கள். ஹைதராபாத்திலுள்ள பாதுகாப்பு உலோகவியல் ஆய்வகம் 2021இல் ஹெலிகாப்டர் எஞ்சினுக்காக ஒற்றைப் படிக இதழ்களை வார்த்து எச்.ஏ.எல்.-க்குக் கொடுத்தது. அந்த வழியில் நாம் எடுத்து வைத்திருக்கும் அடி அது.

இப்போது புதிய உருவமான மார்க்-1ஏ-யின் கதையைக் கேளுங்கள். கூர்மையான புதிய ராடார், எதிரியின் ராடாரைக் குழப்பும் கருவி, பராமரிக்க எளிதான அமைப்பு எல்லாம் இதில் உண்டு. கட்டுப்பாட்டுக் கணிப்பொறியும் பெங்களூரில் புதிதாக வடிவமைக்கப்பட்டது. 2024 பிப்ரவரியில் ஒரு மாதிரி விமானத்தில் பறந்து தேறியது. 2021 பிப்ரவரியில் 83 விமானங்களுக்கு ஒப்பந்தம் ஆயிற்று. 73 மார்க்-1ஏ, 10 பயிற்சி விமானங்கள். முதல் மார்க்-1ஏ 2024 மார்ச் 28 அன்று பறந்தது. அந்த ஆண்டிலிருந்தே விமானப்படைக்கு வரத் தொடங்கியிருக்க வேண்டும். ஆனால் இதற்காகக் கேட்ட 99 எஞ்சின்களில் முதலாவது அமெரிக்காவிலிருந்து கிடைத்தது 2025 மார்ச்சில்தான். விமானத்தின் உடல் தயார், மூளை தயார், இதயம் கப்பலேறவில்லை. 2025 செப்டம்பர் 25 அன்று மேலும் 97 விமானங்களுக்கு ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. மறுநாள் கடைசி மிக்-21 அணிகள் ஓய்வு பெற்றன.

2022இல் அமைச்சரவை ஒப்புதல் அளித்த மார்க்-2 இன்னும் பெரியது. மூக்கருகே ஒரு ஜோடிச் சிறு இறக்கைகளும் உண்டு. அதற்கு 98 கிலோநியூட்டன் உந்துவிசை தரும் எஃப்-414 எஞ்சினைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். இப்போதைய எஞ்சினின் உந்துவிசை ஏறத்தாழ 84 கிலோநியூட்டன். அதுவும் ஜி.இ.-யின் எஞ்சினே.

விபத்துகளையும் மறைக்கக் கூடாது. 2024 மார்ச் 12 அன்று ஜெய்சால்மர் அருகே ஒரு தேஜஸ் விழுந்தது. விமானி குதித்துத் தப்பினார். 2025 நவம்பர் 21 அன்று துபாய் விமானக் காட்சியில் சாகசம் செய்துகொண்டிருந்த தேஜஸ் ஒன்று தரையில் மோதி, அதன் விமானி உயிரிழந்தார். முதல் பறப்பிலிருந்து அதுவரை கடந்தவை 24 ஆண்டுகளுக்கு மேல்.

செய்து பாருங்கள்: நம் 9,000 கிலோகிராம் விமானம் ஒலியின் வேகத்தைத் தாண்டுகிறது. ஈர்ப்பு மையத்துக்கு 0.3 மீட்டர் முன்னால் இருந்த தூக்கு மையம், அதற்கு 0.5 மீட்டர் பின்னால் போய்விடுகிறது. கட்டுப்பாட்டுத் தட்டுகள் அதே 3 மீட்டர் பின்னால்தான். தட்டுகள் இப்போது மேலே தள்ள வேண்டுமா, கீழே அழுத்த வேண்டுமா? இறக்கை எவ்வளவு தூக்க வேண்டும்? இடையில் ஒரு கணம் தட்டுகள் விசை எதுவும் தர வேண்டியதில்லை. அப்போது தூக்கு மையம் எங்கே இருக்கும்? முழு எண்களில் விடை வந்தால், நீங்கள் சரியான வழியில் போகிறீர்கள்.